சாலைச் சோறும் வங்கிக் கடனும்

திருவனந்தபுரத்துக் கிழக்குக் கோட்டையினின்று கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் கடைத்தெருவில் நடப்பவர், தாம் வேற்று மாநிலத்தில் இருப்பதைச் சிறிது நேரம் மறந்துவிடக்கூடும். மிளகாய் வற்றலின் நெடியும், வாழைத்தார் ஏற்றிய வண்டிகளின் நெரிசலும், "அண்ணாச்சி" என்னும் விளியும் நெல்லைச் சீமையை நினைவூட்டும். சாலைக் கம்போளம் என்று ஊரார் வழங்கும் இக்கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவானாக இருந்த ராஜா கேசவதாசரால் வளர்க்கப்பெற்றது. அதன் ஒரு பகுதியே ஆரியசாலை. சற்று அப்பால் வலியசாலை. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் இடங்கள் இவை.

பெயர்களை உற்றுநோக்குவோம். கடைத்தெருவின் பெயர் சாலை, அதன் பகுதி ஆரியசாலை, அடுத்தது வலியசாலை. இன்று நாம் சாலை என்றால் வண்டி செல்லும் வழி என்று பொருள் கொள்கிறோம். பழந்தமிழில் அச்சொல் கூடத்தையும், அறம் வழங்கும் இடத்தையும், பலர் கூடியிருந்து உண்டு கற்கும் நிலையத்தையும் குறித்தது. பாடசாலை, தருமசாலை என்னும் வழக்குகளில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. வலியசாலையில் உள்ள மகாதேவர் கோயிலுக்குக் காந்தளூர் என்னும் பெயர் இன்றளவும் வழங்குகிறது. சோழர் கல்வெட்டுகளைப் பற்றிச் சிறிதேனும் கேள்வியுற்றவர்க்கு அப்பெயர் புதிதாகாது. முதலாம் இராசராசன் 985இல் முடிசூடிய சில ஆண்டுகளுக்குள் தன் வெற்றிகளில் முதலாவதாகப் பொறித்துக்கொண்டது காந்தளூர்ச்சாலையில் "கலமறுத்த" செயலையே. பின்வந்த சோழரும் சிலர் அவ்வாறே தம்மைப் புகழ்ந்துகொண்டனர்.

கலம் என்பது யாது? இவ்வொரு சொல்லைக் கொண்டு அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கின்றனர். மரக்கலம் எனக் கொண்டோர், அங்கிருந்த சேரர் கப்பற்படையைச் சோழன் அழித்தான் என்றனர். உண்கலம் எனக் கொண்டோர், அது சாலையில் உண்போரைப் பற்றிய செய்தி என்றனர். வழக்கைத் தீர்த்தான் என்று பொருள் கூறியோரும் உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்களும் காந்தளூர்ச்சாலையை ஆராய்ந்து தனியே ஒரு நூல் எழுதினார். அவ்வழக்கைத் தீர்க்க நாம் புகவில்லை. நமக்கு வேண்டுவது, அச்சாலையில் இளைஞர் உண்டு கற்றனர் என்பதும், அவர்தம் செலவை ஏற்றவர் யார் என்பதுமே. கல்லூரிக் கட்டணத்திற்கு வழி தேடி நம்மவர் வீடுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் கவலைப்படுகின்றனரே, அக்கவலையின் பழைய வரலாற்றை இத்தெருவிலிருந்தே தொடங்கலாம்.

காந்தளூர்ச்சாலையின் சட்டதிட்டங்கள் நேரே நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்து அமைத்த மற்றொரு சாலையின் பத்திரம் கிடைத்துள்ளது. ஆய்வேளிர் குலத்துக் கருநந்தடக்கன் என்னும் மன்னன், முன்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்று, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டுத் திருமால் கோயில் ஒன்றை எடுப்பித்து, காந்தளூரில் உள்ள முறைப்படியே 95 சட்டர்க்குச் சாலையும் அமைத்தான். சட்டர் என்போர் மாணாக்கர். இச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் தமிழ்மொழியில் பொறிக்கப்பெற்றவை. திருவனந்தபுரத்து உசூர் கச்சேரியில் இருந்தமையால் உசூர்ச் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. கோபிநாத ராவ் என்னும் தொல்பொருள் அறிஞர் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். காலத்தைக் கலியுக நாட்கணக்கால் 14,49,087 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கிட்டால் அது கி.பி. 866ஆம் ஆண்டாகும். நம் நாட்டில் கல்வி நிலையம் ஒன்று அமைந்த நாளை இவ்வளவு திட்டமாகக் கூறும் பழம் பத்திரங்கள் மிகச் சிலவே.

95 இடங்களும் பங்கிடப்பட்ட விதம் காணத்தக்கது. வேதசாகை ஒன்றைச் சார்ந்த பவிழியச் சரணத்தார்க்கு 45, தைத்திரீயர்க்கு 36, தலவகாரர்க்கு 14. சேர விரும்புவோர் இலக்கணம் முதலியவற்றில் தேர்ந்திருத்தல் வேண்டும். மூன்று அரசுகளின் நடைமுறைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். சேர சோழ பாண்டிய நாடுகளின் அலுவல்களில் பயன்படத்தக்கவர்களை அச்சாலை எதிர்பார்த்தது என்றே இதற்குப் பொருள் கூறுவர். ஒழுக்க விதிகளும் உண்டு. ஒருவரையொருவர் இழித்துரைத்தால் தண்டம். கூட்டத்திற்கு ஆயுதத்தோடு வருதல் கூடாது. மடத்தில் வெள்ளாட்டிகளை வைத்துக்கொள்ளுதல் கூடாது. இத்தகைய விதிகள் தேவைப்பட்டன என்றால், அச்சட்டர் எல்லாரும் தலைகுனிந்து ஏடு பார்த்திருந்த சாதுக்கள் அல்லர் என்பது விளங்கும்! விடுதி நடத்துவோரின் தலைவலி 11 நூற்றாண்டுகளில் அதிகம் மாறிவிடவில்லை.

இச்சட்டர் யாரிடமும் கடன் வாங்கவில்லை. கோயிலுக்கும் சாலைக்கும் விட்ட நிலம் விளைந்தது, நெல் வந்தது, சோறு வந்தது. மாணவன் திருப்பித் தரவேண்டியது ஒழுக்கமும் படிப்பும் மட்டுமே. தவறினால் தண்டம் கட்டினான்.

இந்த முறை சோழ நாட்டில் மேலும் விரிந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் ஏற்பாடு செய்கிறது. இளநிலை மாணவர் 270 பேருக்கு நாள்தோறும் ஆளுக்கு ஆறு நாழி நெல். முதுநிலையோர் 70 பேருக்கு ஒரு குறுணி இருநாழி, அதாவது பத்து நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்னும் வாய்பாட்டை மறவாதவர் கூட்டிப் பார்க்கலாம்: மாணவர் பங்குக்கு மட்டும் ஒரு நாளைக்கு 24 கலமும் இரண்டு குறுணியும் ஆகிறது. இதற்கென விடப்பட்ட நிலம் 45 வேலி. திரிபுவனியில் 1048இல் 260 மாணவர்க்கும் 12 ஆசிரியர்க்கும் 72 வேலி. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டோ இன்னும் நுணுக்கமானது. மாணவர் படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலைமுழுக்குக்கு எண்ணெய் என்று ஒவ்வொன்றையும் அது எண்ணிப் பார்த்திருக்கிறது. அருகே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் இருந்தது. இக்காலத்து உபகாரச் சம்பளத் திட்டங்களை வகுப்போர் தலைக்கு எண்ணெயை நினைப்பதில்லை.

ஆயினும் இப்பெருமையைப் பேசுகையில் ஒரு பக்கத்தை மறைத்துப் பேசுதல் முறையன்று. 45 வேலியும் 72 வேலியும் தாமே விளையவில்லை. உழுதவர், நாற்று நட்டவர், கதிர் அறுத்துக் களத்தில் அளந்து கொடுத்தவர் இருந்தனர். எண்ணாயிரத்து மாணவனின் ஆறு நாழியும் அவர்கள் வியர்வை. அவர்தம் பிள்ளைகளுக்கு அச்சாலையில் இடமில்லை. வேதசாகை கொண்டு 95 இடங்களையும் பங்கிட்ட பத்திரத்தில் வேறு எவர்க்கும் இடமில்லை. ஆகவே அது இலவசக் கல்வி என்பது பாதி உண்மை. கட்டணம் கட்டியவர் ஒருவர், படித்தவர் மற்றொருவர்.

இதே காலத்தை ஒட்டி மேனாட்டிலும் இருவழிகள் தோன்றின. ஆக்ஸ்போர்டில் 1264இல் வால்டர் டி மெர்ட்டன் என்பவர் தம் நிலங்களின் வருவாயை எழுதிவைத்து ஒரு கல்லூரி நிறுவினார். நம் சாலைபோகத்தின் தம்பி என்று அதைக் கூறலாம். அதற்கு முன்னரே 1240இல் அங்கே ஒரு பேழை வைக்கப்பட்டது. ஏழை மாணவன் தன் புத்தகத்தையோ வேறு பொருளையோ அடகு வைத்து அப்பேழையிலிருந்து வட்டியில்லாமல் பணம் பெறலாம். படிக்கும் புத்தகத்தை அடகு வைத்துப் படிப்பதா என்று நாம் நகைக்கலாம். இப்போது வீட்டுப் பத்திரத்தை வைக்கிறோம்.

திருவனந்தபுரத்துக்குத் திரும்புவோம். 1817இல் இராணி கௌரி பார்வதி பாய், குடிகளின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்னும் கருத்துடன் ஓர் ஆணை பிறப்பித்தார். சுவாதித் திருநாள் காலத்தில் 1834இல் இந்நகரில் ஆங்கிலப் பள்ளி ஒன்று தோன்றி, 1836இல் இராஜாவின் இலவசப் பள்ளி என்று பெயர் பெற்றது. 1866இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரியாயிற்று. மகாராஜா கல்லூரி என்று பெயர் உயர்ந்தபோது "இலவசம்" என்னும் சொல் பெயரிலிருந்து நீங்கிவிட்டது. ஆலப்புழையில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, இக்கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கி, 1891இல் மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளையவர்களை வெளிமாநிலத் தமிழராகிய நாம் எப்படி மறப்போம்? திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைக் கல்வெட்டுகள் கொண்டு ஆராயும் வேலையைத் தொடங்கியோருள்ளும் அவர் ஒருவர்.

ஆனால் வாயில் யாவர்க்கும் திறந்திருந்ததா? நகரினின்று சில மைல் தொலைவில் உள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கப் போராட வேண்டியிருந்தது. 1910இல் அரசாணை பிறந்த பின்னும், 1914இல் ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் அழைத்துச் சென்றபோது கலவரம் மூண்டது. 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைக் கண்டுவிட்டுச் சாக வேண்டும் என்று அய்யன்காளி கூறினார் என்பர். பத்தே பேர்! 95 இடங்கள் கொண்ட சாலை அமைந்து 1071 ஆண்டுகள் கழித்து, அதே சீமையில் ஒரு முதியவர் கேட்ட எண்ணிக்கை அது.

அந்தப் பத்துப் பேருக்கு யார் பணம் தருவது? சாதிக்கும் கோத்திரத்துக்கும் கட்டுப்படாத உதவி இங்கேதான் புகுகிறது. கடனும் அதனுடன் கைகோத்தே வருகிறது. 1892இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஒரு நிதியை நிறுவினார். அது தானமன்று, கடனுதவிச் சம்பளம். படித்துச் சம்பாதித்துத் திருப்பித் தர வேண்டும். தந்த பணம் அடுத்தவரைப் படிக்க வைக்கும். அதை முதலில் பெற்ற இருவரும் மருத்துவம் பயின்ற பெண்கள். 1913இல் அம்பேத்கர் அமெரிக்கா சென்றது பரோடா மன்னரின் உதவியால். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது: படித்து வந்து பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும். பணமாகத் தராவிடினும் ஆயுளில் ஒரு பங்கைத் தருவதாகக் கையெழுத்திட்டே அவர் கப்பலேறினார்.

நம் திருவனந்தபுரத்தோடு தொடர்புடையவர் மற்றொருவர். கோட்டயம் பக்கத்து உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன், பள்ளிக் கட்டணம் கட்ட இயலாமல் வகுப்புக்கு வெளியே நிற்க நேர்ந்த சிறுவர். உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்து, 1937இல் நிறுவப்பெற்ற திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஆங்கில இலக்கியத்தில் முதல் மாணவராகத் தேறினார். 1945இல் டாட்டா நிதியின் உதவியோடு இலண்டன் பொருளியற் பள்ளிக்குச் சென்று ஹெரால்டு லாஸ்கியிடம் பயின்றார். 1997இல் குடியரசுத் தலைவரானார். கடன் என்னும் சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். இவ்வொருவரை நினைத்தால் அவர்கள் சற்றே நிதானிக்கலாம்.

அரசின் உதவியும் அக்காலத்தில் தொடங்கிற்று. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கு மெட்ரிகுலேஷனுக்குப் பிற்பட்ட படிப்புக்கான உபகாரச் சம்பளம் 1944இல் வந்தது. 1963இல் மத்திய சர்க்கார் தேசியக் கடனுதவிச் சம்பளத் திட்டத்தை ஏற்படுத்திற்று. அதற்கு வட்டி இல்லை. கடன் பெற்றவர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டால் ஓராண்டுப் பணிக்குப் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. பத்தாண்டு கற்பித்தால் கடனே இல்லை. கற்றதைக் கற்பித்துத் தீர்க்கும் இந்த ஏற்பாடு, நமக்குத் தோன்றுகிறபடி, சாலை நாட்களின் உணர்வுக்கு மிக அண்மையில் வந்தது. ஆயினும் கொடுத்த பணம் ஒழுங்காகத் திரும்பவில்லை. நாளடைவில் திட்டம் கைவிடப்பட்டது.

அதன்பின் வந்தவை வங்கிகள். 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டப்படி, நான்கு இலட்சம் வரை ஈடு வேண்டியிருக்கவில்லை. அதற்கு மேல் ஏழரை இலட்சம் வரை மூன்றாமவர் ஜாமீன் முன்னர்க் கேட்கப்பட்டது. அதையும் தாண்டினால் சொத்து ஈடு. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கேட்கமாட்டார்கள். ஆனால் வட்டி உறங்காது. ஆண்டுக்கு ஓர் இலட்சமாக நான்காண்டு பெறும் மாணவியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்குப் பத்து வட்டி என்று கொண்டால், முதல் தவணை நாளுக்குள் முதல் இலட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி, இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று, கடைசியதற்கு இரண்டு. ஆக 1,40,000 ரூபாய். நான்கு இலட்சம் ஐந்து இலட்சத்து நாற்பதினாயிரமாகி நிற்கும். அதைப் பதினைந்தாண்டில் அடைப்பதாயின், மாதம் சற்றேறக்குறைய 5,800 ரூபாய். மொத்தம் பத்து இலட்சத்தைத் தாண்டும். 2009இல் மத்திய அரசு கொண்டுவந்த வட்டி மானியம் இதில் தவணைக்கு முந்திய வட்டியை மட்டும் ஏற்றது. அதுவும் ஆண்டு வருவாய் நாலரை இலட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துத் தொழிற்கல்வி மாணவர்க்கே. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த உயர் நிலையங்களில் இடம் பெற்றோருக்கு ஈடும் ஜாமீனும் இன்றிக் கடன் தரச் சொல்கிறது. கேரள அரசும் 2017இல், கல்விக்கடனை அடைக்க முடியாமல் தவித்தோருக்காகத் தனியே ஓர் உதவித் திட்டம் வகுக்க வேண்டியதாயிற்று. செவிலியர் படிப்புக்குக் கடன் வாங்கிச் சிறு சம்பளத்தில் சிக்கியோர் பலர் என்பதை நம் தெருவினர் அறிவர்.

வெளிமாநிலத் தமிழராகிய நாம் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். உபகாரச் சம்பளம் பெரும்பாலும் மாநில எல்லையைத் தாண்டுவதில்லை, கடன் தாண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற பெண்களுக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், ஆரியசாலையில் வளர்ந்து கேரளப் பள்ளியில் பயின்ற தமிழ்ப்பெண்ணை அறியாது. அட்டவணை வகுப்பினர் நிலை இன்னும் கடினம். ஆந்திரத்தினின்று பம்பாய்க்குக் குடிபெயர்ந்த குடும்பத்து மாணவர் ஒருவர் மருத்துவக் கல்லூரி இடத்திற்காகத் தொடுத்த வழக்கில், ஒரு மாநிலத்தில் பெற்ற பட்டியல் உரிமை குடிபெயர்ந்த மாநிலத்துக்கு உடன்வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. ஆகவே மெட்ரிகுலேஷனுக்குப் பிற்பட்ட உபகாரச் சம்பளத்தைச் சொந்த மாநிலத்தினிடமே கேட்டுப் பெற வேண்டும். பிறந்த ஊர்த் தாசில்தாரின் சான்றிதழைக் கல்லூரி சேரும் மாதத்தில் தேடி ஓடுவோர், அதைத் தைமாதமே எடுத்து வைத்திருந்தால் நலம்.

எல்லைக்கோட்டின் விந்தை வரலாற்றிலும் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகியவை சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரம் தமிழகத்தில் கன்னியாகுமரி மாவட்டத்திற்குட்பட்டது. அவன் பார்த்து எழுதிய காந்தளூரோ கேரளத்தில் நின்றுவிட்டது. நகல் ஓரிடம், மூலம் ஓரிடம். அன்று முன்சிறையிலிருந்து ஒருவன் காந்தளூருக்குக் கற்க வந்தால் இருப்பிடச் சான்றிதழ் கேட்டிருக்கமாட்டார்கள். அவன் எந்தச் சரணத்தான் என்று கேட்டிருப்பார்கள்.

நாமறிந்த குடும்பம் ஒன்று ஆரியசாலையில் உண்டு. தந்தை பலசரக்கு மண்டியில் கணக்கெழுதுபவர், திருநெல்வேலிப் பக்கத்தினர். மகளுக்கு வேறொரு மாநிலத்தில் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. இரு மாநில அலுவலகங்களிலும் கேட்டுப் பார்த்து வெறுங்கையோடு திரும்பியபின் வங்கிக்குச் சென்றார். கேட்ட தொகை ஐந்து இலட்சமாகையால் ஜாமீன் கையெழுத்து வேண்டியதாயிற்று. மண்டி முதலாளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் பேரேட்டை மூடிவைத்து, "எங்க போடணும் கையெழுத்து, காட்டும்" என்றாராம். அவருடைய பாட்டனாரும் ஊரிலிருந்து மூட்டை தூக்க வந்தவரே. அப்பெண் இப்போது ஒரு மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கிறாள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் தவணை கட்டிய ரசீதைத் தந்தைக்கு அனுப்புகிறாள். அவர் அதை முதலாளியிடம் காட்டிவிட்டு, மண்டிக் கணக்கோடு சேர்க்காமல் தனி உறையில் வைக்கிறார். இன்னும் 94 தவணைகள் உள்ளன.